அம்பாரத்துக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது

அளத்தில் உழைப்போரே, அலையில் உழைப்போரே! கூனிமேட்டுக் கடைத்தெருவிலும் மரக்காணத்துச் சந்தையிலும் என் பேச்சைக் கேட்டுக் கைதட்டியும் கல்லெறிந்தும் பழகிய பெருமக்களே! இம்முறை மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. அச்செழுத்தில் நின்று பேசுகிறேன். குறை இதுதான்: நம் கடற்கரையில் குடியிருக்கும் ஒரு மீனவர் குப்பத்தை, அதன் கூரைகளோடும் கட்டுமரங்களோடும், ஒரு படத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். படத்தில் இல்லாத ஊருக்கு நிலத்திலும் இடமில்லை என்று சொல்லத் துணிந்துவிட்டார்கள். நீக்கிய கை அயலார் கை அன்று. நான் பெற்றெடுத்து, அகரம் எழுதப் பிடித்துப் பழக்கிய கை. ஆகவே இம்மடலை என் மகனுக்கு எழுதுகிறேன். நீங்கள் அவையோராய் இருந்து கேளுங்கள்.

மகனே! "இதை நம்ம வீட்டோட வெச்சுக்கலாம்மா, மேடையில எதுவும் பேசிடாதே" என்று சென்னையில் நீ கேட்டுக்கொண்டாய். அன்று நான் மறுமொழி சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்: பேசுவேன். பெற்றவள் என்பதால் வாய்மூடுவேன் என்று எண்ணினாயானால், நீ பிறக்குமுன்பே நான் மேடையேறியதை மறந்துவிட்டாய். உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு, உப்பளத்துப் பெண்களுக்கு ஒரு நிழற்பந்தல் கேட்டு, இடையஞ்சாவடி வரையில் ஊர் ஊராய்ப் பேசினேன். "புள்ளத்தாச்சி, செத்த உக்காரும்மா" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "உள்ள இருக்கறவனும் கேக்கட்டுங்க" என்றேன். கூட்டம் சிரித்தது. நீ கேட்டாயா இல்லையா என்பதுதான் இப்போது எனக்கு ஐயம். இன்னும் சில நாளில் நீ அயல்நாட்டுக்குப் பறக்கப் போகிறாய். பிள்ளையை வழியனுப்பும் தாய்மார் ஊறுகாயும் பருப்புப்பொடியும் கட்டிக் கொடுப்பர். நான் இம்மடலைக் கட்டிக் கொடுக்கிறேன். இது காரமாகத்தான் இருக்கும்.

முதலில் உன் பக்கத்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மேலே போவது அறம் அன்று. உப்பிலிருந்து, சோப்புக்கு வேண்டிய எரிகாரம் எடுக்கும் ஆலை ஒன்றை நம் கரையில் கட்ட ஒரு நிறுவனம் வருகிறது. கட்டப்போகும் இடம் இன்று எப்படி இருக்கிறது என்பதைக் கணிப்பொறியால் வரைந்து தரும் வேலை உன் அலுவலகத்துக்கு வந்தது, உன் மேசைக்கு வந்தது. நிறுவனத்தார் தந்த அளவுகளில் சாலை இருந்தது, பாத்திகள் இருந்தன, உப்பைக் குவித்துக் கீற்று வேய்ந்த அம்பாரங்கள் இருந்தன. கடலோரக் குப்பம் இல்லை. நீதான் அதைக் கண்டுபிடித்தாய். விடுமுறைக்கு வந்தபோது நீயே அளவுநாடா எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினாய். நாடாவின் மறுமுனையைப் பிடித்தவள், நம் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலை. "இன்னாடா தம்பி, சட்டை தெக்கிறவனாட்டம் வூட்டுக்கு அளவெடுக்கிற?" என்று அவள் சிரித்தாள். "உங்க வூட்டைப் படமா போடப் போறேன்க்கா" என்றாய். "எங்க வூட்டையா? அப்ப ஓலை மாத்தினப்புறம் போடு, மானம் போவும்" என்றாள். அன்று உன்னைப் பார்த்து நான் பூரித்தேன். அதை மறைக்கமாட்டேன்.

அடுத்து நடந்ததை நீ பார்க்கவில்லை. பயணியர் விடுதிக் கூடத்தில் உன் படத்தை மாட்டி, ஊராரை அழைத்திருந்தார்கள். கணிப்பொறியின் எழுதுகோல் இழுத்த கருங்கோடுகள். ஒரு பிசிறு இல்லை. சாலை வளைந்து போனது. பாத்திகள் தொலைவில் சிறுத்துக்கொண்டே போயின. அம்பாரங்கள் மலைத்தொடர்போல் நின்றன. அவற்றுக்கு மேல் கடல், ஒற்றைக் கோடாக. சாலையோரத்தில் நம் வீடும் இருந்தது. உன் தந்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இங்க பாரு, சன்னல் கம்பியைக் கூட விடலை உம் புள்ளை" என்றார். அவர் கடைப்பலகைகளும் நாடகப் படுதாக்களும் எழுதுகிற ஓவியர். எளிதில் எவரையும் மெச்சமாட்டார். கீழ் மூலையில் உன் பெயரைக் கண்டு நான் தலைநிமிர்ந்து நின்றேன்.

அப்போது அஞ்சலை வந்தாள். குப்பத்துப் பெண்கள் நால்வரைக் கூட்டிக்கொண்டு, தலைவாரி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். தன் வீட்டைப் படத்தில் பார்க்க வருகிறவள் வேறெப்படி வருவாள்?

"பேச்சுக்காரம்மா, எங்க வூடு எதும்மா இதுல?"

தேடினேன். அவளே ஒரு கூரையைத் தொட்டாள். "இதுவா?"

"அது உப்பு அம்பாரம்."

"இது?"

"அதுவும் அம்பாரம்தான் அஞ்சலை."

"அடப்பாவி! உப்புக்கெல்லாம் கூரை போட்டுக்கீறான், எங்களுக்கு ஒண்ணு போடலியா?"

கூடம் சிரித்தது. நிறுவனத்துப் பொறியாளரும் சிரித்துக்கொண்டே விளக்கினார்: "உங்க வீடெல்லாம் அம்பாரத்துக்குப் பின்னாடி இருக்குதும்மா. ரோட்டுல இருந்து பார்த்தா தெரியாது இல்ல? தெரியாததை மிஷின் எடுத்துடும்."

"எடுத்துடுமா? எடுத்து எங்க வெக்கும்?"

வருவாய்த்துறை அலுவலர் முன்வந்தார். "அது கடற்கரைப் புறம்போக்கும்மா. ரெக்கார்டுல வீடு எதுவும் கிடையாது. படத்துலயும் கிடையாது. அப்புறம் எதுக்குக் கூச்சல்?"

"சாரு, போன அமாவாசைக்கு வந்து சுறாப்புட்டு துன்னுட்டுப் போனீங்களே, அது எந்த வூட்டுல? அம்பாரத்துலயா?"

இம்முறை கூடம் சிரித்த சிரிப்பில் பல்லி உதிர்ந்திருக்கும். ஆனால் சிரிப்பு ஓய்ந்ததும் அந்த அலுவலர் தம் கோப்பில் எழுதியதை நான் பக்கத்தில் நின்று படித்தேன்: குடியிருப்பு ஏதுமில்லை, படம் இணைக்கப்பட்டுள்ளது. மகனே, பட்டா இல்லாத மக்களுக்கு இருந்த ஒரே சான்று அவர்கள் கண்முன் இருப்பதுதான். அந்தச் சான்றை உன் படம் தின்றுவிட்டது. வரும் திங்கட்கிழமை ஆட்சியர் வருகிறார். அன்று அந்தக் கோப்பில் அவர் கையெழுத்திட்டால், குப்பத்தார் குடிபெயர்க்கப்படுவோர் என்ற பட்டியலில்கூட வரமாட்டார்கள். இல்லாதவரை எவர் குடிபெயர்ப்பார்? இல்லாதவருக்கு எவர் மாற்றிடம் தருவார்?

அதனால்தான் நான் சென்னைக்குப் பேருந்தேறினேன். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் குளிரூட்டிய அறையில் உன் பொறி இரைந்துகொண்டிருந்தது. நான் கேட்ட முதற்கேள்விக்கே நீ பதறிப்போனாய். "நான் விடலைம்மா! எல்லா வீடும் கார்டுல இருக்குது. அஞ்சலை அக்கா வீட்டுச் சாய்ப்புக்கூட பஞ்ச் பண்ணியிருக்கேன்" என்று, பொறிக்கு அளவுகளைச் சொல்லும் துளையிட்ட அட்டைக் கட்டைத் தூக்கிக் காட்டினாய். அந்தக் கட்டின் கனத்தை என் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓர் ஊர் என் உள்ளங்கையில் இருந்தது.

"அப்ப படத்துல எங்கடா?"

"கண்ணுக்கு முன்னாடி எது நிக்குதோ அதைத்தான் வரையணும். பின்னாடி மறைஞ்சிருக்கறதை வரைஞ்சிட்டு அப்புறம் அழிக்கறது வீண் வேலை. வரையறதுக்கு முன்னாடியே கழிச்சிடுவோம்."

"ஒவ்வொரு வீடா பார்த்துக் கழிச்சியா?"

"இல்லம்மா. அதுக்கே மிஷின் டைம் பத்தாது. மொத்தக் குப்பத்தையும் ஒரு பெட்டியில அடைச்சா மாதிரி வெச்சுக்குவோம். பெட்டி முழுசா மறைஞ்சிருந்தா, உள்ள இருக்கறதைத் தொடவே வேணாம். அப்படியே தள்ளிடலாம்."

மகனே, உன் கலையை நான் பழிக்கவில்லை. புரியாததை இகழ்வது பேச்சாளர்க்கு எளிது. நான் அப்படிப்பட்டவள் இல்லை. பொறியின் வலிமைக்கும் ஓர் அளவு உண்டு, பார்ப்பவன் கண்ணின் வலிமைக்கும் ஓர் அளவு உண்டு. எல்லாக் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்தால் படம் சிலந்திக்கூடாகும். மறைந்ததைக் கழித்தால்தான் நிற்பது நிற்பதாகத் தெரியும். பெட்டியும் அறிவார்ந்த உத்திதான். ஆயிரம் கேள்விக்கு மாற்றாக ஒரே கேள்வி. நானும் மேடையில் அதைத்தான் செய்கிறேன். ஆனால் நான் ஒன்றைக் கழிக்கும்போது, கழித்தேன் என்று எனக்குத் தெரியும். "இது நான் இங்கிருந்து பார்த்தது" என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. உன் படத்துக்கு வாய் இல்லை. சாலையில் நிற்பவனுக்கு எது தெரியாதோ, அது உலகில் இல்லாததுபோல் அது சுவரில் தொங்குகிறது. தெரியவில்லை என்பது பார்ப்பவனைப் பற்றிய செய்தி. இல்லை என்பது பார்க்கப்படும் பொருளைப் பற்றிய செய்தி. முன்னதைச் சொல்லப் பிறந்த கணக்கைப் பின்னதைச் சொல்ல விட்டாயே!

இன்னொன்று கேள். இந்தப் பிழையை வெளியூரார் செய்திருந்தால் பொறுத்திருப்பேன். அளத்துப் பக்கத்துப் பிள்ளை நீ செய்ததால்தான் எனக்கு நெஞ்சு எரிகிறது. அம்பாரத்தை நீ கட்டடம்போல் நிறுத்திவிட்டாய். அம்பாரம் கட்டடமா? கோடையெல்லாம் வாரிய உப்பு, மழைக்கு முன் உச்சம் தொட்டு, கீற்றுப் போர்த்தி நிற்கும். பிறகு சரக்குந்து வரும், சுமந்து போகும், ஒவ்வொன்றாய் அம்பாரம் கரையும். நீ சிறுவனாய் இருந்தபோது ஒருநாள் பள்ளியிலிருந்து இரைக்க இரைக்க ஓடிவந்தாய். "அம்மா, கடலு ரோட்டுக்கு வந்துடுச்சு! குப்பம்கூட நகர்ந்து கிட்ட வந்துடுச்சு!" என்று கத்தினாய். போய்ப் பார்த்தேன். கடல் அசையவில்லை, குப்பம் அசையவில்லை. முன்னால் நின்ற அம்பாரம் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். அப்போது உன்னைப் பார்த்துத் தெருவே சிரித்தது. இன்று நீ அதே பிழையைத் திருப்பிப் போட்டிருக்கிறாய். இம்முறை எவருக்கும் சிரிப்பு வரவில்லை. நிறுவனத்தார் அளந்தது அம்பாரம் உயர்ந்து நிற்கும் பருவத்தில். அந்தச் சில திங்களின் தோற்றத்தை நீ என்றென்றைக்குமான தோற்றமாக்கிவிட்டாய். போகும் பொருளை நிலையாய் நிறுத்தி, நிலையாய் வாழும் ஊரைப் போக்கினாய். குப்பத்துத் தென்னைகளையாவது அட்டையில் ஏற்றியிருந்தால், ஒரு மட்டையேனும் அம்பாரத்துக்கு மேல் எட்டிப் பார்த்திருக்கும், பெட்டி முழுதும் மறையவில்லை என்று உன் பொறியே சொல்லியிருக்கும், ஊர் தப்பியிருக்கும். ஐயம் உள்ள இடத்தில் தள்ளாதே, வைத்துக்கொள். வீணாய் நாலு கோடு வரைந்தால் மை போகும். வீணாய் ஒன்றைத் தள்ளினால் திரும்பாது.

நான் திரும்பி வந்து இதையெல்லாம் சொன்னபோது உன் தந்தை ஒரு படுதாவுக்குக் கடல் எழுதிக்கொண்டிருந்தார். சினந்துகொள்வார் என்று பார்த்தேன், சிரித்தார். "அவன் கெட்டிக்காரன். நான் என்னா பண்றேன்? மொதல்ல கடலு, அதுமேல குப்பம், அதுமேல அம்பாரம். பாதி சாயத்தை நானே மூடிடறேன். அவன் முறை எனக்குத் தெரிஞ்சிருந்தா எவ்ளோ சாயம் மிச்சம்!" என்றார். பிறகு தூரிகையைக் கழுவியபடி, "ஆனா என் படுதாவைச் சொரண்டினா கீழ வூடு இருக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். குப்பத்தைக் கடற்பக்கமிருந்து பெரிதாய் எழுதி விடுதி வாயிலில் தொங்கவிடுங்கள் என்று நான் கேட்டேன். தலையாட்டி மறுத்தார். "கையால வரைஞ்சா கற்பனைன்னுடுவான். மிஷின் வரைஞ்சாத்தான் நெசம்னு ஒத்துக்குவான். நீ உன் புள்ளையைக் கேளு" என்றார். அதனால்தான் வேறெவரையும் விட்டு உன்னைக் கேட்கிறேன். நிறுவனத்தின் பொய்யை முறிக்க என் நாவு போதாது. பொறியின் சொல்லைப் பொறியின் சொல்லால்தான் வெட்டமுடியும்.

அந்தப் பொறியாளர் பழத்தட்டோடு நம் வீட்டுக்கும் வந்தார். "உங்க வீடு படத்துல முன்னாடியே நிக்குதேம்மா. ஆலை வந்தா உங்க எடத்துக்கு மவுசு. உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டார். அதுதான் துன்பம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை, உனக்கு விளங்கவேண்டும். என் வீட்டுப் பலகணிக்குக் கம்பி வரைந்த கை, நாடா பிடித்தவளின் வீட்டுக்குக் கதவு வரையவில்லை. நாம் வெளிச்சத்தில் நிற்பது நம் உயரத்தால் அன்று; படத்தின் கண்ணை நம் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள், அதனால். முன்வரிசையில் இடம் கிடைத்தவர் பின்வரிசையை மறைக்கிறோம் என்பதை அறியாமலே மறைப்பர். அறிந்தபின்னும் விலகாதவரை நான் மாந்தர் என்று அழைப்பதில்லை. பழத்தட்டைத் திருப்பி அனுப்பினேன். வாயிற்படி வரை போய் அவரே திரும்பிப் பார்த்து, "உங்க பையன் வேலைக்கு ஏதாச்சும் ஆயிடப்போவுதும்மா" என்றார். "அவனுக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்குது, பொழைச்சுக்குவான்" என்றேன்.

நீ போகும் நாட்டில் இதைவிடப் பெரிய பொறிகள் இருக்குமாம். நகரங்களை, மலைகளை, ஒருநாள் உலகையே உருவாக்கிக் காட்டுவார்களாம். அப்போது கழிக்கவேண்டியவையும் பெருகும். கழி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படத்திலிருந்து கழித்ததை அட்டையிலிருந்து கழிக்காதே. ஒவ்வொரு படத்தின் அடியிலும் கண் எங்கே நின்றது, எந்தப் பருவத்தில் நின்றது, அதை அங்கே நிறுத்தச் சொன்னவர் எவர் என்று எழுது. உன் பெயரை எழுதுமுன் அதை எழுது. கண் நிற்குமிடத்தை வாடிக்கையாளர் தீர்மானிக்கட்டும் என்று ஒதுங்காதே. கூலி கொடுப்பவன் காட்சிக்கு உரியவனாகலாம், உண்மைக்கு உரியவனாக மாட்டான். இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை. உன்னிடம் எனக்கு இருக்கும் உரிமையால் கேட்கிறேன்.

சென்னையில் நான் கேட்ட கடைசிக் கேள்வியை நினைத்துப் பார். "கண் நிக்கற எடத்தை மாத்த எவ்வளவு வேலைடா?" என்றேன். நீ தலைகுனிந்து, "ஒரே கார்டும்மா" என்றாய். "அப்ப மாத்து" என்றேன். "மாத்தினா ஆபீஸ்ல என்னை வெளிநாட்டுக்கு அனுப்பமாட்டாங்கம்மா. ஏரோப்ளேன் டிக்கெட்டே அவங்க எடுத்ததுதான்" என்றாய். ஆனாலும் நான் அசையவில்லை, இப்போதும் அசையமாட்டேன். உன் பயணம் தள்ளிப்போனால் அடுத்த ஆண்டு போகலாம். உன் வேலை பறிபோனால் உன் அறிவு பறிபோகாது. அவர்கள் வீடு போனால் கடலுக்குள்ளா போவார்கள்? ஒரு தட்டில் உன் சிறகையும் மறுதட்டில் ஓர் ஊரின் வேரையும் வைத்து நிறுக்கச் சொன்னால், பெற்றவள் கை நடுங்கும் என்று எண்ணினாயா? நடுங்கிற்று. நிறுத்துப் பார்த்துவிட்டேன். வேர்தான் கனம்.

ஆகையால் கேள், மகனே, ஊரார் முன்னிலையில் கேள். இந்தத் தாள் உன் கைக்கு வந்த உடனே எழுந்திரு. கண்ணைச் சாலையிலிருந்து எடுத்துக் கடலில் வை. கட்டுமரத்தில் கரை திரும்புகிறவன் எதைக் காண்பானோ அதைக் காட்டு. அம்பாரங்களைக் கழித்து ஒரு படம், அம்பாரங்களோடு ஒரு படம், இரண்டும் இழு. பெட்டியைப் பிரி, ஒவ்வொரு வீடும் தனித்தனியே நிற்கட்டும். தென்னைகளை ஏற்று. அடியில் உன் பெயரை எழுது, முன்னையதைவிடப் பெரிதாய் எழுது. மேலாளர் கேட்டால் என்னைக் காட்டு. பொறியைத் தரமறுத்தால் அட்டைக்கட்டோடு வா. ஆட்சியர் மேசையில் அதை வைத்து, வீடு வீடாய்ப் பெயர் சொல்லி எண்ணிக் காட்டு. ஞாயிறு இரவுப் பேருந்தைப் பிடி. திங்கள் காலை பயணியர் விடுதிக் கூடத்தில் குப்பம் முழுதும் நிற்கும், நானும் நிற்பேன், உனக்காக முன்வரிசையில் ஓர் இடம் விட்டு நிற்போம். விமானம் காத்திருக்கட்டும். இப்போதே போய் அந்த ஓர் அட்டையை மாற்று!